நம் பிள்ளைகளின் மாத்திரையில் இருக்கும் சுப்பாராவ்

அரசுப் பள்ளிகளில் படிக்கும் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை நீல நிற மாத்திரை ஒன்று வழங்கப்படுகிறது. இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அது. ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் என்னும் குடற்புழு நீக்க மாத்திரையும் தரப்படுகிறது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களில் யானைக்கால் நோய் இன்னும் விட்டகலாத மாவட்டங்களில் அல்பெண்டசோலோடு டை-எத்தில் கார்பமசின் என்ற மாத்திரையையும் பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடின்றி ஆண்டுதோறும் ஊரே விழுங்குகிறது. ஃபோலிக் அமிலம், அல்பெண்டசோல், டை-எத்தில் கார்பமசின் ஆகிய இம்மூன்று மருந்துகளில் இரண்டு, நம் மண்ணில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த ஒரே மனிதரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. முப்பதாண்டுக் காலம் அரசுப் பள்ளிகளில் உயிரியல் கற்பித்தவன் நான். என் கையால் வழங்கிய மாத்திரைகளின் பின்னணியை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லத் தவறியதில்லை.

அவர் எல்லப்பிரகட சுப்பாராவ். மறைந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அவருடைய நூற்றாண்டையொட்டி 1995இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. நோபல் பரிசு கிடைக்காத மேதை என்ற ஆதங்கத்தோடுதான் அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் முடிகின்றன. எனக்கு அந்த ஆதங்கம் இரண்டாம்பட்சம். குடலையும் ரத்தத்தையும் தாக்கும் ஏழைகளின் நோய்களோடு அவர் வாழ்க்கை எப்படிப் பின்னிக் கிடந்தது, அவர் தந்த மருந்தை வைத்துக்கொண்டு நாம் இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தோம் என்பவையே என் கேள்விகள்.

காசிக்கு ஓடிய சிறுவன்

அன்றைய சென்னை மாகாணத்தில், கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு பதவியில் இருந்தவர். உடல்நலம் குன்றிப் பணியிலிருந்து முன்னதாகவே ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் வருமானம் சுருங்கியது. படிப்பில் நாட்டமில்லாத சிறுவன், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடினான். தாய் வெங்கம்மா அவனைத் தேடிப் பிடித்துத் திரும்ப அழைத்து வந்தார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வி. மூன்றாம் முறை, சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். தந்தை காலமான பின் குடும்பச் சுமை முழுவதும் தாயின் தோளில் இறங்கியது. நகைகளை விற்று மகனின் படிப்பைத் தொடரச் செய்தார் அவர். மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்த சுப்பாராவுக்கு ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகும் ஆவல் எழுந்தது. தாயின் சம்மதமின்றிச் சேர்க்க இயலாது என்றனர் மடத்தார், தாய் சம்மதிக்கவில்லை. துறவு கைகூடாத இளைஞர், நோயாளிகளுக்குச் சேவை செய்வதும் துறவுக்கு நிகர்தான் என்ற எண்ணத்தோடு சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்.

பிற்காலத்தில் அவர் வாழ்ந்த விதத்தைப் பார்க்கும்போது, அந்தத் துறவு மனப்பான்மை அவரைவிட்டு ஒருபோதும் விலகவில்லை என்றே தோன்றுகிறது.

கதர் அங்கியும் பறிபோன பட்டமும்

மருத்துவக் கல்லூரிச் செலவை நண்பர்களும், பின்னர் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் தாங்கினர். 1919இல் திருமணம் நடந்தது. நாடெங்கும் சுதேசி உணர்வு பொங்கியிருந்த காலம் அது. காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்கும் கதர் அங்கியே அணிந்து சென்றார் சுப்பாராவ். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கான வாயில் அதோடு அடைபட்டது.

அதே காலகட்டத்தில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல்நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலியாயினர். உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல், ஓயாத வயிற்றுப்போக்காலும் ரத்தசோகையாலும் உடல் உருகிப்போகும் நோய் அது. சுப்பாராவையும் அது தாக்கியது. ஆயுர்வேத மருத்துவரான ஆசண்ட லட்சுமிபதி அவரைக் காப்பாற்றினார். நன்றியுணர்வாலும் ஆர்வத்தாலும் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறியல் விரிவுரையாளராகச் சேர்ந்து, ஆயுர்வேத மருந்துகளை நவீன அறிவியல் முறைப்படி ஆராயத் தொடங்கினார்.

அப்போதைய சென்னை மாகாணம் புழுக்களின் பேரரசாக இருந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சர்வதேச சுகாதார வாரியம், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களிடையே தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை 1920களில் சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தியது. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவரின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழையும் கொக்கிப்புழு, குடலில் தங்கி நாள்தோறும் சிறிது சிறிதாக ரத்தம் உறிஞ்சுவது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது கால் மில்லிலிட்டருக்கும் குறைவுதான். ஆனால், நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் குடித்தால் வளரும் பிள்ளையின் நிலை என்னவாகும்? சோம்பேறி என்றும் மந்தபுத்தி என்றும் பள்ளியில் பெயர் வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் உண்மையில் ரத்தம் இழந்த பிள்ளைகளே.

ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் சென்னைக்கு வந்திருந்த அமெரிக்க மருத்துவர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தது சுப்பாராவின் வாழ்வைத் திசைதிருப்பியது. வெப்பமண்டல நோய்களைக் கற்க அமெரிக்கா செல்வதென்று முடிவு செய்தார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் உதவ முன்வந்தது. மீதியை மாமனார் திரட்டிக் கொடுத்தார். 1920களின் தொடக்கத்தில் இளம் மனைவியை ஊரில் விட்டுக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகத்தான் புறப்பட்டார். அவர் திரும்பவே இல்லை. மனைவி அவரை மீண்டும் பார்க்கவும் இல்லை. பெரிய மனிதர்களின் சாதனைக் கணக்கில் இப்படிப்பட்ட பெண்களின் காத்திருப்பு வரவு வைக்கப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாஸ்டனில் இரவுப் பணி

பாஸ்டன் வந்து சேர்ந்தபோது அவரிடம் கல்விக் கட்டணத்திற்கும் போதிய பணமில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கிருந்த பேராசிரியர் ரிச்சர்டு ஸ்டிராங் தொடக்கத்தில் கைகொடுத்தார். வயிற்றுப்பாட்டுக்காகப் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுநேர ஊழியரானார் சுப்பாராவ். நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவுவது அவர் வேலை. பகலில் பல்கலைக்கழகம், இரவில் மருத்துவமனை.

வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்ற பின் அதே பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்கு மாறினார். சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸ் அளவைக் கண்டறியும் முறையை 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர்வேதியியல் மாணவர்கள் பல தலைமுறைகளாகப் பயின்ற முறை அது. தசைகள் சுருங்குவதற்கான ஆற்றலின் இருப்பான பாஸ்போகிரியேட்டினை 1927இலும், உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறை 1929இலும் இருவரும் அறிவித்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியாக ஏடிபியைக் கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

பட்டம் வந்தது, பதவி வரவில்லை. ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பணி அவருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. ஆய்வுகளின் புகழைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவரிடம் இல்லை. அதே கூடத்தில் மாணவராக இருந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவின் சில கண்டுபிடிப்புகள் வெளியுலகுக்கு வராமல் தடுக்கப்பட்டு, வேறு சிலரால் மீண்டும் கண்டறியப்பட வேண்டியதாயிற்று என்ற பொருளில் பதிவு செய்திருக்கிறார். 1940இல் ஹார்வர்டைவிட்டு விலகி, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைமைப் பொறுப்பும் வந்தது.

அங்கே அவர் முதலில் துரத்தியது, சகோதரர்களைப் பறித்த நோயின் மருந்தைத்தான். மனத்தில் இருந்த கணக்கு அது என்று நான் நினைக்கிறேன். அவருடைய குழு 1940களின் நடுப்பகுதியில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிப்பதில் வெற்றி கண்டது. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகை அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது. கருவுற்ற தாய்மார்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நாம் இன்று தரும் ஃபோலிக் அமிலம் அதுவே. அந்த மூலக்கூறை ஒட்டியே உருவாக்கிய எதிர் மருந்துகளைச் சிட்னி ஃபார்பர் பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். மீட்பே இல்லை என்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது. இன்றைய மெத்தோட்ரெக்சேட் அந்த வரிசையில் வந்ததே. ஆரியோமைசின் என்ற முதல் டெட்ராசைக்ளின் உயிர்க்கொல்லி மருந்தை பெஞ்சமின் டக்கர் கண்டறிந்ததும் அதே ஆய்வுக்கூடத்தில்தான்.

போர் தந்த மருந்து

புழு நோய்களின் கதைக்கு வருவோம். யானைக்கால் நோய் நமக்குப் பழைய நோய். அதன் நுண்புழுக்களை மனித ரத்தத்தில் முதலில் கண்டவர், 1872இல் கல்கத்தாவில் பணியாற்றிய தாமஸ் லூயிஸ். கொசு வழியே அது பரவுகிறது என்பதற்கான தடயத்தைச் சீனாவின் அமாய் துறைமுகத்தில் 1877இல் கண்டறிந்தவர் பேட்ரிக் மேன்சன். காரணம் தெரிந்து எழுபது ஆண்டுகள் வரை மருந்து மட்டும் வரவில்லை. ஆண்டிமனி, ஆர்சனிக் சேர்ந்த நச்சுத்தன்மை மிக்க ஊசிகளே இருந்தன.

அந்த நிலை மாறக் காரணம் கும்பகோணத்திலோ கோதாவரிக் கரையிலோ கால் வீங்கிக் கிடந்த ஏழைகள் அல்லர். இரண்டாம் உலகப் போரின்போது சமோவா முதலிய பசிபிக் தீவுகளில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்கு ஆளாயினர். உறுப்புகள் வீங்கி முடமாகிவிடுவோமோ என்ற அச்சம் வீரர்களையும் அவர்தம் குடும்பங்களையும் ஆட்டிப் படைத்தது. அமெரிக்கா மருந்து தேடியது. லெடர்லி ஆய்வுக்கூடம் அந்தத் தேடலில் இறங்கியது.

ரெஜினால்டு ஹெவிட் உள்ளிட்ட சுப்பாராவின் குழுவினர் நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்களை ஆராய்ந்தனர். அவர்கள் எடுத்த ஒரு முடிவு முக்கியமானது. மருந்துகளைக் கண்ணாடிக் குழாயில் வைத்து மட்டும் சோதிக்காமல், இயற்கையாகவே இப்புழுவின் உறவினப் புழுக்கள் தொற்றியிருந்த பருத்தி எலிகளிலும் நாய்களிலும் சோதித்தனர். பைபரசின் குடும்பத்தைச் சேர்ந்த டை-எத்தில் கார்பமசின் அப்படித்தான் அகப்பட்டது. வினோதம் என்னவென்றால், அந்த மருந்துக்குக் கண்ணாடிக் குழாயில் நுண்புழுக்களைக் கொல்லும் ஆற்றல் அனேகமாக இல்லை. உடலுக்குள் சென்றால் நம் நோயெதிர்ப்பு அணுக்கள் நுண்புழுக்களை அடையாளம் கண்டு அழிப்பதற்கு அது வழிசெய்கிறது. குழாய்ச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அந்த மருந்து குப்பைக்குப் போயிருக்கும்.

ஹெட்ரசான் என்ற வணிகப் பெயரோடு 1947இல் அது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவின் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்திலிருந்து நுண்புழுக்கள் மறைந்தன. ஊசி வேண்டாம், விழுங்கினால் போதும். விலையும் குறைவு. ஈசினோபிலியா என்று நம் ஊர் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த ஹெட்ரசான் மாத்திரையையும் சிரப்பையும் இன்று அறுபதைக் கடந்தவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இரவெல்லாம் இருமி இளைத்த பிள்ளைகளின் நுரையீரல் தொல்லைக்கும் யானைக்கால் புழுவே காரணமாக இருந்ததுண்டு.

மறு ஆண்டு, 1948 ஆகஸ்ட் மாதம், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற 1946ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டிருந்தும் அவர் கடைசிவரை குடியுரிமை பெறவில்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதைத் தவிர ஆடம்பரம் என்று சொல்ல அவரிடம் ஏதுமில்லை. அவர் நினைவாகப் பூஞ்சை வகை ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அறிவியலாளர்கள் பெயர் சூட்டினர். விடுதலை பெற்ற இந்தியாவை அவர் பார்க்கவில்லை. அவர் மருந்து மட்டும் வந்து சேர்ந்தது.

மருந்து வந்தும் மறையாத நோய்

1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நுண்புழுக்கள் இரவு பத்து மணிக்கு மேல்தான் மேற்பரப்பு ரத்தத்தில் மிகுதியாக உலவும் என்பதால் பணியாளர்கள் நள்ளிரவில் விளக்கோடு தெருத் தெருவாக வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். காவிரிப் படுகையில் வளர்ந்த எனக்கு, தூக்கக் கலக்கத்தில் பாட்டியின் மடியில் அமர்ந்து விரலை நீட்டிய நினைவு உண்டு. புழு இருப்பதாகத் தெரிந்தால் பன்னிரண்டு நாட்களுக்கு மாத்திரை தருவார்கள். மாத்திரை சாப்பிட்டால் காய்ச்சல் வருகிறது என்று பாதியில் நிறுத்தியவர்களே மிகுதி. உண்மையில் அந்தக் காய்ச்சல், மடியும் நுண்புழுக்களால் உடலில் எழும் எதிர்வினை. மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளத்தையே மருந்தின் குற்றமாக மக்கள் கருதினர். அதைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல ஆளில்லை.

ஆண்டுக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தாலே நுண்புழுக்களின் எண்ணிக்கையை நெடுங்காலம் தாழ்த்தி வைக்கலாம் என்பது 1990களில் தெளிவாயிற்று. நோயாளியைத் தேடிப் பிடிப்பதை விட்டுவிட்டு ஊர் முழுவதற்கும் மருந்து கொடுக்கும் முறை அதன் பின்னரே பிறந்தது. முதிர்ந்த புழு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை உடலில் வாழும். அது முதுமையடைந்து சாகும்வரை அதன் குஞ்சுகளைக் கொசு எடுத்துச் செல்லவிடாமல் தடுக்க வேண்டும். எனவே தொடர்ந்து பல ஆண்டுகள் மருந்து தர வேண்டும். இந்தியா 2004இல் இந்த முறையை நாடளாவிய அளவில் கையிலெடுத்தது. பின்னர் அல்பெண்டசோலும் சேர்க்கப்பட்டது. கால்நடைகளுக்காக 1970களில் உருவாக்கப்பட்ட அல்பெண்டசோல், பிள்ளைகளின் குடலிலுள்ள உருளைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றையும் சேர்த்தே வெளியேற்றியது. யானைக்கால் மாத்திரை போன வீடுகளில் பிள்ளைகளின் குடற்புழுவும் குறைந்தது இப்படித்தான்.

இந்த நோய்க்கும் பள்ளிக்கும் இன்னொரு நெருங்கிய உறவு உண்டு. வீங்கிய கால் நடுவயதில் தெரிந்தாலும் புழு உடலுக்குள் நுழைவது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில். ஒரு மாவட்டத்தில் நோய்ப் பரவல் நின்றுவிட்டதா என்று அறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழி, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதிப்பது. மருந்து வழங்கல் நடந்த ஆண்டுகளில் வளர்ந்த அப்பிள்ளைகளின் ரத்தத்தில் புழுவின் தடயம் இருந்தால், கொசு இன்னும் நோயைச் சுமந்து திரிகிறது என்று பொருள். ஒரு நாட்டின் தலைவிதியை ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தையின் ரத்தத் துளி தீர்மானிக்கிறது. சீனா சமையல் உப்பிலேயே இந்த மருந்தைக் கலந்து கொடுத்து முன்னேறியது. 2007இல் நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. இலங்கை 2016இல் அந்நிலையை எட்டியது. உலகச் சுமையில் பெரும்பங்கைத் தாங்கும் இந்தியா 2027ஐ இலக்காக வைத்திருக்கிறது.

மாத்திரை மட்டும் போதுமா?

குடற்புழு விஷயத்திலும் நிலைமை இதைப் போன்றதே. உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேர் மண்வழிப் பரவும் புழுக்களால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவில் 2015 பிப்ரவரியில் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியது. கென்யாவின் புசியா பகுதியில் எட்வர்டு மிகல், மைக்கேல் கிரெமர் ஆகியோர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிகளில் புழு நீக்க மாத்திரை கொடுத்ததால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்றது. அதன் பின் வந்த மறுஆய்வுகள் சில, எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதால் எடையிலும் படிப்பிலும் பெரிய மாற்றம் வரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்கின்றன. இந்த விவாதம் முடியவில்லை. ஆனால், புழுச்சுமை மிகுந்த பிள்ளைக்கு மாத்திரை நன்மை தரும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வகுப்பறையில் நான் கண்டது வேறொரு சிக்கல். மாத்திரை நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் எல்லா ஆண்டும் இருந்தனர். எங்கோ ஓர் ஊரில் சில பிள்ளைகள் மயங்கினர் என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடினால், மறுநாள் வாயிலில் பத்துப் பெற்றோராவது நிற்பார்கள். புழு மிகுந்த வயிற்றில் மருந்து போனால் சற்றுக் குமட்டலும் வயிற்று வலியும் வரக்கூடும்; சாப்பிட்ட பின் கொடுத்தால் தொல்லை குறையும்; சில மணி நேரத்தில் சரியாகிவிடும். இதை முன்கூட்டியே சொன்ன ஆண்டுகளில் எதிர்ப்பு இல்லை. சொல்லாத ஆண்டுகளில் வதந்தி எங்களை முந்திக்கொண்டது. அச்சப்படும் தாயை அறியாமை மிக்கவள் என்று ஒதுக்குவது எளிது. நலமாக ஓடியாடும் தன் பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று அவள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு மரியாதையோடு விடை சொல்ல வேண்டியது திட்டத்தை நடத்துவோரின் கடமை.

இன்னொன்றும் உண்டு. மாத்திரை புழுவை வெளியேற்றும். மண்ணைச் சுத்தம் செய்யாது. கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளியில், காலணி இல்லாத பிள்ளைக்குச் சில மாதங்களில் மீண்டும் புழு வரும். கழிவுநீர் தேங்கும் தெருவில் யானைக்கால் நோயைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு பெருகிக்கொண்டே இருக்கும். மாத்திரை கொடுத்த எண்ணிக்கையைத் திட்டத்தின் வெற்றியாகக் கணக்குக் காட்டும் பழக்கம் நம் நிர்வாகத்தில் வேரூன்றியிருக்கிறது. வாங்கிய மாத்திரையை எத்தனை பேர் விழுங்கினர் என்பதும், விழுங்கியவர் மறுபடி தொற்றுக்கு ஆளாகாமல் இருக்க என்ன செய்தோம் என்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

சுப்பாராவின் வாழ்விலிருந்து நான் பெறும் பாடம் இதுவே. ஏழைகளின் நோய் பணக்கார நாட்டின் படைவீரனைத் தொட்ட பிறகுதான் அதற்கு மருந்து பிறந்தது. அந்த மருந்தைக் கண்டறியும் பொறுப்பு, அதே நோய்கள் மலிந்த மண்ணிலிருந்து போன ஒருவரின் கைக்கு வந்தது நம் நற்பேறு. உலக சுகாதார நிறுவனத்தின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்திற்கு இலவசமாக வழங்கப்படும் டை-எத்தில் கார்பமசின் மாத்திரைகளை, ஜப்பானிய நிறுவனமான எய்சாய் இன்று விசாகப்பட்டினத்தில் உள்ள தன் ஆலையில் தயாரிக்கிறது. அவர் பிறந்த மாநிலத்திலேயே, அவர் கண்ட மருந்து கோடிக்கணக்கில் உருவாகி உலகுக்குப் போகிறது. மருந்துக்குப் பஞ்சமில்லை, விலையும் தடையில்லை. எஞ்சியிருப்பவை நாம் செய்ய வேண்டிய வேலைகள்.

அவை பெரிய அறிவியல் புதிர்கள் அல்ல. மாத்திரை நாளுக்கு ஒரு வாரம் முன்பே பெற்றோரைக் கூட்டி, வரக்கூடிய சிறு தொல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பாமல் கண்முன் விழுங்கச் செய்ய வேண்டும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று மாத்திரைக் கணக்கைக் கேட்கும் அதிகாரியே கேட்க வேண்டும். யானைக்கால் நோய் குறைந்த மாவட்டங்களில் கண்காணிப்பைக் கைவிடக் கூடாது. மருந்தைக் கண்டுபிடிக்கச் சுப்பாராவுக்கும் அவர் குழுவினருக்கும் சில ஆண்டுகளே ஆயின. அதை நம் பிள்ளைகள் அனைவரிடமும் கொண்டுசேர்க்க நாம் எடுத்துக்கொண்டிருப்பது எழுபது ஆண்டுகளுக்கும் மேல். 2027 என்ற இலக்கும் தள்ளிப்போகாமல் இருக்க வேண்டுமானால், அதற்கான கேள்விகளை ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு கிராம சபையிலும் இப்போதே கேட்டாக வேண்டும்.